ஒரு வார்டு ஜனத்தொகையில் ஒரு தேசிய அணி: சின்ன நாடுகளின் கால்பந்துக் கணக்கு

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 67 லட்சம் பேர். வகுத்தால் வார்டுக்குச் சராசரி 33,500. இத்தாலிக்கு நடுவே இருக்கும் சான் மரினோ என்ற நாட்டின் மொத்த ஜனமும் ஏறக்குறைய இவ்வளவுதான், சுமார் 34,000 பேர். வட சென்னையின் வியாசர்பாடியில் ஒரே ஒரு வார்டு தனிக்கொடி பிடித்து, ஜெர்மனியோடும் இங்கிலாந்தோடும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஆடினால் எப்படி இருக்கும்? சான் மரினோ 1990இல் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடியதிலிருந்து அதைத்தான் செய்துவருகிறது.

இதே அளவுகோலில் ஃபாரோ தீவுகள் (சுமார் 55,000) ஒன்றரை வார்டு. 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற கரீபியன் தீவு குராசோ (சுமார் 1.56 லட்சம்) ஐந்து வார்டுக்குள் அடங்கிவிடும். ஐஸ்லாந்து பன்னிரண்டு வார்டு. அதே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மேற்கு ஆப்பிரிக்கத் தீவு நாடு கேப் வெர்டேயில் ஐந்தேகால் லட்சம் பேர். நம் தண்டையார்பேட்டை மண்டலத்தின் 15 வார்டுகளைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே.

இவர்கள் எல்லாம் எப்படிச் சேர்க்கிறார்கள், எப்படி ஆடுகிறார்கள், 0-10 என்று தோற்ற பிறகும் ஏன் அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்கிறார்கள் என்பதைக் கால்பந்துக்குப் புதியவர்களுக்கும் புரியும்படி சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

நாடு என்றால் எது?

ஃபிஃபாவில் உறுப்பினராக இருப்பவை கால்பந்து சங்கங்கள். இப்போது 211 சங்கங்கள் உள்ளன. ஐ.நா.வில் இருப்பதோ 193 நாடுகள். ஃபாரோ தீவுகள் டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி, குராசோ நெதர்லாந்து முடியாட்சியின் ஓர் அங்கம், 2016இல் ஃபிஃபாவில் சேர்ந்த ஜிப்ரால்டர் பிரிட்டனுக்குச் சொந்தமான பகுதி. மூன்றுக்கும் தனித் தேசிய அணி உண்டு. மறுபக்கம், ஐ.நா.வில் நாற்காலி வைத்திருக்கும் மொனாக்கோவும் துவாலுவும் ஃபிஃபாவில் இல்லை.

ஃபிஃபா மாநாட்டில் பிரேசிலுக்கும் ஒரு ஓட்டு, சான் மரினோவுக்கும் ஒரு ஓட்டு. சின்னச் சங்கங்களுக்குப் பணம் போவதற்கு இந்த ஓட்டும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2023 முதல் 2026 வரையான நான்காண்டுத் திட்டத்தில், சங்கம் பெரியதோ சிறியதோ, ஒவ்வொன்றுக்கும் 80 லட்சம் டாலர் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவுக்கு அது கூட்டத்தில் கரைந்துபோகும் தொகை. ஒரு வார்டு அளவு நாட்டுக்கோ செயற்கைப் புல் மைதானம், பயிற்சியாளர் சம்பளம், விமான டிக்கெட் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

தேசிய அணி இருந்தால் தேசிய லீக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. லிச்சென்ஸ்டைனுக்குச் சொந்த லீக் கிடையாது. அங்குள்ள கிளப்புகள் பக்கத்து சுவிட்சர்லாந்து லீக்கில்தான் ஆடுகின்றன. உள்ளூரில் ஒரு கோப்பைப் போட்டி மட்டும் நடக்கும், அதை வென்ற கிளப்புக்கு ஐரோப்பியப் போட்டிகளில் நுழைவு.

குறை முதல் ஆளில் இல்லை, பதினாலாவது ஆளில்

ஜனம் குறைவு என்றால் திறமையும் குறைவு என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. வியாசர்பாடிக்கு ஏன் ‘மினி பிரேசில்’ என்று பெயர் வந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷ் வந்தது அந்தத் தெருக்களிலிருந்துதான். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் எங்கிருந்தும் வரலாம். லைபீரியாவின் ஜார்ஜ் வியா 1995இல் பலோன் தோர் வென்றார், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தார். ஆனால் லைபீரியா இன்றுவரை ஒரு உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை.

ஒரு ஆட்டத்துக்குத் தேவை, மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து, 23 பேர். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 34,000 பேரில் ஆண்கள் பாதி, 17,000. அதில் 18 முதல் 34 வயதுக்காரர்கள் ஐந்தில் ஒரு பங்கு என்று தோராயமாக வைத்தால் 3,400. பந்து பழகியவர்கள், காயமில்லாதவர்கள், வேலையில் லீவு கிடைப்பவர்கள் என்று சலித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது சில நூறு. அந்தச் சில நூறில் மூன்று கீப்பர்கள் வேண்டும். நல்ல உயரமும் ஹெட்டும் (தலையால் பந்தை முட்டும் திறமை) உள்ள ஸ்டாப்பர்கள், அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்பவர்கள், நாலு பேராவது வேண்டும். இடதுகால் விங் பேக் (பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) ஒருவராவது வேண்டும், இடதுகால்காரர்களோ மொத்தத்தில் ஐந்தில் ஒருவர்தான். இப்படி இடத்துக்கு இடம் ஆள் தேடும்போதுதான் சின்ன நாட்டுக்கு மூச்சு முட்டும்.

தகுதிச் சுற்றில் ஒருவர் இரண்டு மஞ்சள் அட்டை சேர்த்துவிட்டால் அடுத்த ஆட்டம் தடை. பிரான்ஸில் ஒரு ஸ்டாப்பர் உட்கார்ந்தால் அவர் இடத்துக்கு வருபவரும் ஏதாவது ஒரு பெரிய கிளப்பில் ஆடுபவராகவே இருப்பார். சான் மரினோவில் வருபவர் வாரம் மூன்று நாள் சாயங்காலம் மட்டும் பயிற்சி எடுப்பவராக இருக்கலாம். ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்று இப்போதைய விதி சொல்கிறது. பெரிய அணிக்கு அது லாபம்: 65ஆவது நிமிடத்தில் ஐந்து புதுக் கால்கள். சின்ன அணி அதே ஐந்து பேரை மாற்றினால் அமைப்பே கலைந்துவிடும், மாற்றாமல் விட்டால் பழைய கால்கள் சோர்ந்துவிடும். இரண்டு பக்கமும் அடி.

வேலை விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று நிறுவன அணிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வேலைக்காரரே ஆட்டக்காரராகவும் இருப்பது புதிதில்லை. இங்கே அந்த வேலையே ஆட்டத்துக்காக, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைப்பது. சான் மரினோவில் அப்படியில்லை. ஃபிஃபா குறித்த சர்வதேச நாள்களில் கிளப் தன் ஆட்டக்காரரை விட்டே ஆக வேண்டும் என்பது விதி. ஆபீஸோ கடையோ தொழிற்சாலையோ விட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர்கள் லீவு போட்டுத்தான் வருகிறார்கள்.

ஆள் பற்றாக்குறை உச்சத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஏப்ரல் 11 சாட்சி. உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம்: ஆஸ்திரேலியா 31, பசிபிக் தீவுகளில் ஒன்றான அமெரிக்க சமோவா 0. ஆர்ச்சி தாம்சன் ஒருவரே 13 கோல். பலர் இந்த ஸ்கோரைச் சிரிப்பதற்காகச் சொல்வார்கள். பின்னணி வேறு: பாஸ்போர்ட் விதியால் அமெரிக்க சமோவாவின் வழக்கமான அணியில் கீப்பர் நிக்கி சலாப்புவைத் தவிர மற்றவர்கள் ஆடத் தகுதியில்லை என்று ஆகிவிட்டது. இளைஞர் அணியை அழைக்கலாம் என்றால் பள்ளித் தேர்வு நேரம். பதினைந்து வயதுப் பையன்கள்கூட இறங்கினார்கள். அதே சலாப்பு கோலில் நிற்க, 2011 நவம்பரில் டோங்காவை 2-1 என்று வென்றார்கள்.

பந்து எதிரியிடம் இருக்கும்போது

சின்ன அணியின் ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் பந்து எதிரியிடம்தான் இருக்கும். ஆகவே அவர்களின் ஆட்டம் என்பது பெரும்பாலும் எங்கே நிற்பது என்ற கலை. அணி முழுதும் கோல் முன்னால் அடைத்து நிற்பதை ‘பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்’ என்று கேலி செய்கிறவர்கள் அதை ஒரு சாயங்காலம் செய்து பார்க்கட்டும்.

அளவுகளிலிருந்து ஆரம்பிப்போம். சர்வதேச மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். பெனால்டி பெட்டியின் அகலம் 40.3 மீட்டர், ஆழம் 16.5 மீட்டர். பின்வரிசையில் நாலு பேர் நின்று இந்த 40 மீட்டரை மூடினால் இடையில் மூன்று சந்து, ஒவ்வொன்றும் 13 மீட்டருக்கு மேல். நல்ல ஃபார்வர்டு ஒருவர் நடந்தே நுழையலாம். ஐந்து பேர் நின்றால் நாலு சந்து, ஒவ்வொன்றும் 10 மீட்டர். ஓரத்து இருவரும் பெட்டிக் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்றால் 8 மீட்டர். சின்ன நாடுகளில் 5-4-1 அமைப்பு அதிகம் தென்படுவதற்கு இந்த எளிய வகுத்தல்தான் முக்கியக் காரணம்.

ஐந்து பேருக்கு 8 முதல் 10 மீட்டர் முன்னால் நாலு பேர் இரண்டாவது வரிசை. அதற்கு முன்னால் ஒற்றை ஃபார்வர்டு. கடைசி பேக்கிலிருந்து ஃபார்வர்டு வரை மொத்த நீளம் 25 முதல் 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஓரங்களை எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள், வேண்டுமென்றேதான். ஓரத்திலிருந்து தூக்கிப் போடும் க்ராஸில் நாலில் ஒன்றுதான் சொந்த ஆளைச் சேரும். நடுவில் உருட்டிக் கொடுக்கும் பாஸ் அதைவிட ஆபத்து.

பந்து வலது ஓரத்துக்குப் போனால் ஒன்பது பேரும் சேர்ந்து அந்தப் பக்கம் நகர வேண்டும். எவ்வளவு தூரம்? எதிர்ப்பக்க விங் பேக், தூரத்துக் கோல் கம்பத்துக்கு நேராக வந்து நிற்கும் அளவுக்கு. பந்து மறுபக்கம் மாறினால் எல்லோரும் திரும்ப நகர வேண்டும். பந்து காற்றில் போகும் இரண்டு, மூன்று விநாடிக்குள் இந்த நகர்தல் முடியவேண்டும். ஒரு ஆட்டத்தில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும்.

வட சென்னையின் முல்லை நகர் மைதானத்திலோ கன்னிகாபுரத்திலோ பிள்ளைகளை வைத்து இதைப் பழக்க விரும்பினால் செலவு ஒரு கயிறுதான். 8 மீட்டர் கயிற்றுத் துண்டுகள் நாலு எடுத்து, ஐந்து பேக்குகளின் இடுப்பில் வரிசையாகக் கட்டுங்கள். சட்டென்று இழுத்தால் கழன்றுவிடும் முடிச்சாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விழுந்து அடிபடுவார்கள். சுண்ணாம்பில் பெட்டிக் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் ஆறு பேர் பந்தை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கட்டும், கோல் அடிக்க வேண்டாம். கயிறு தொய்ந்தால் இருவர் ஒட்டிவிட்டார்கள், இழுபட்டால் ஒருவர் பின்தங்கிவிட்டார் என்று பொருள். ஆறு நிமிடம் இப்படி, இரண்டு நிமிடம் ஓய்வு, நாலு சுற்று. பிறகு கயிற்றைக் கழற்றிவிட்டு முன்வரிசை நாலு பேரையும் சேர்த்து நிஜமாக ஆடவிடுங்கள். மைதானம் சிறியது என்றால் கயிற்றின் நீளத்தையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். மறந்தால் பழக்கம் தப்பாகப் படியும்.

இது எங்கே உடையும் என்று தெரிந்துகொண்டால்தான் பார்ப்பதில் சுவை.

பயத்தில் பின்வரிசை தானாகவே கோலை நோக்கி அமுங்கும். கோல் முன் உள்ள சின்னப் பெட்டி 5.5 மீட்டர் ஆழம்தான். அதற்குள் ஐந்து பேரும் போய் நின்றுவிட்டால் கீப்பருக்கு வெளியே வர வழியிருக்காது, பந்து வருவதும் தெரியாது. 20 மீட்டரிலிருந்து அடிக்கும் சாதாரண ஷாட் யார் காலிலாவது பட்டுத் திசைமாறி உள்ளே போகும். மருந்து ஒன்றுதான்: எதிரி பந்தைப் பின்னால் தட்டும் ஒவ்வொரு முறையும் வரிசை முழுதும் நாலைந்து மீட்டர் முன்னே ஏற வேண்டும். ‘ஏறு, ஏறு’ என்று கத்துவது கீப்பரின் வேலை. மௌனமான கீப்பர் எவ்வளவு தாவினாலும் பாதிக் கீப்பர்தான்.

அடுத்தது, க்ராஸை ஹெட் பண்ணி நடுவிலேயே விழவைப்பது. அது எதிரி மிட்ஃபீல்டர் காலில் போய் விழும். உயரமாக, தூரமாக, ஓரமாக அடிக்க வேண்டும்; மூன்றும் கைகூடாவிட்டால் ஓரமாவது.

மூன்றாவது கால் சோர்வு. முதலில் விழுகிறவர் பெரும்பாலும் இரண்டாவது வரிசையின் ஓரத்து மிட்ஃபீல்டர். அவர்தான் விங் பேக்குக்குத் துணையாகக் கீழே ஓடி, பந்து கிடைத்ததும் மேலே ஓடுபவர். 65, 70ஆவது நிமிடத்தில் அவர் இரண்டு அடி தாமதமாக வந்தால் விங் பேக் தனியாக இருவரைச் சமாளிக்க வேண்டிவரும். 60ஆவது நிமிடம் வரை 0-1 என்று இருந்த ஆட்டம் 0-5இல் முடிவது இப்படித்தான். அதோடு அவசரமும் சேர்ந்துகொள்ளும்: ஒரு கோல் பின்தங்கியதும் சமன் செய்யப் பாய்வார்கள், சந்துகள் 15 மீட்டராகும். தெரிந்த பயிற்சியாளர் 80ஆவது நிமிடம் வரை 0-1ஐத் தோல்வியாகவே கருத மாட்டார்.

கோல் எப்படி வரும்?

பந்து நின்றிருக்கும்போது வரும். ஓடும் ஆட்டத்தில் பதினொருவரின் தரம் முழுதும் மோதுகிறது. கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ இன் ஆகியவற்றில் நான்கைந்து பேர் மனப்பாடம் செய்த ஒரு அசைவு போதும். ஒரு ஆட்டத்தில் சின்ன அணிக்கு மூன்று, நாலு கார்னர் கிடைத்தாலே அதிகம். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஸ்டாப்பர்கள் மெதுவாக நடந்து மேலே வருவார்கள். நேரமும் போகும், மூச்சும் வரும்.

புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி: த்ரோ இன், கார்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேரடியாகப் பந்து வாங்குபவருக்கு ஆஃப்சைடு (எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தப்பு) கிடையாது. 30 மீட்டருக்கு மேல் த்ரோ எறியத் தெரிந்த ஒருவர் இருந்தால் எதிரியின் பெட்டிப் பக்கம் வரும் ஒவ்வொரு த்ரோவும் ஒரு கார்னர். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2016 யூரோ கோப்பையில், ஜூன் 27 அன்று, இங்கிலாந்து நாலாவது நிமிடத்தில் ரூனியின் பெனால்டியில் முன்னிலை பெற்றது. இரண்டே நிமிடத்தில் ஐஸ்லாந்து கேப்டன் குன்னர்சன் நீளமாக ஒரு த்ரோ எறிந்தார், ஆர்னசன் தலையால் உரசிவிட்டார், ராக்னர் சிகுர்ட்சன் உள்ளே தள்ளினார். 18ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 2-1. பன்னிரண்டு வார்டு ஊர் கால் இறுதிக்குப் போனது.

ஐஸ்லாந்தின் வெற்றியை ‘வீரம்’ என்று எழுதித் தள்ளினார்கள். காரணம் அதைவிடச் சாதாரணமானது. அங்கே பாதி வருடம் பனி, வெளியே ஆட முடியாது. 2000ஆம் ஆண்டிலிருந்து கூரை போட்ட முழு அளவு மைதானங்களை ஊர் ஊராகக் கட்டினார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குக்கூட ஐரோப்பிய உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளரை வைத்தார்கள். அந்தக் கூரைகளுக்கு அடியில் வளர்ந்த தலைமுறைதான் 2016இல் ஆடியது. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு 1-1 என்று சமன் செய்ததும் அதுவே. அந்த அணியின் பயிற்சியாளர் ஹல்கிரிம்சன் பல் மருத்துவரும்கூட.

யாரோடு ஆடுவது?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சின்ன நாட்டின் தலைவிதி பாதி இதில்தான். சான் மரினோ தன் முதல் வெற்றியை 2004 ஏப்ரல் 28 அன்று, லிச்சென்ஸ்டைனுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில், ஆண்டி செல்வாவின் ஒரே கோலில் பெற்றது. அடுத்த வெற்றிக்கு இருபது வருடம் ஆனது. காரணம், இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய அணிகளோடுதான் ஆடியது. 2006இல் ஜெர்மனியிடம் 0-13. இப்படி ஆடினால் ஸ்டாப்பருக்குத் தற்காப்பு பழகும், அணிக்குத் தாக்கப் பழகாது, பந்தே கிடைக்காதே.

2018இல் ஐரோப்பா நேஷன்ஸ் லீக் என்ற போட்டியைத் தொடங்கியது. அணிகளைத் தர வரிசைப்படி ஏ, பி, சி, டி என்று நாலு படியாகப் பிரித்து, சமமானவர்களைச் சமமானவர்களோடு மோதவிட்டார்கள். மேலே ஏறலாம், கீழே இறங்கலாம். 2024 செப்டம்பர் 5இல் சான் மரினோ லிச்சென்ஸ்டைனை 1-0 என்று வென்றது. நவம்பரில் அவர்கள் ஊருக்கே போய் 3-1. ஜிப்ரால்டரைவிட ஒரு புள்ளி கூடப் பெற்று, 7 புள்ளியோடு குழுவில் முதலிடம், சி படிக்கு உயர்வு. அடுத்த அக்டோபரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதே சான் மரினோ ஆஸ்திரியாவிடம் 0-10. ஒரு வருடத்துக்குள் இரண்டும் நடந்தன. அணி மாறவில்லை, எதிரணிதான் மாறியது.

நேஷன்ஸ் லீக் பெரிய கதவும் திறந்தது. முதல் பதிப்பில் டி படியில் குழுவை வென்ற வட மாசிடோனியா, 2020 நவம்பரில் ஜார்ஜியாவை பாண்டெவின் கோலால் 1-0 என்று வென்று யூரோ கோப்பைக்கே போனது.

நம் ஆசியாவில் நிலைமை இவ்வளவு நன்றாக இல்லை. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆசியாவின் கடைசி 20 அணிகள் ஜோடி ஜோடியாக இரண்டு ஆட்டம் ஆடின. தோற்ற பத்துக்கும் உலகக் கோப்பைப் பாதை அத்தோடு மூடிக்கொண்டது. நாலு வருடக் காத்திருப்புக்கு 180 நிமிடம். இது அநியாயம் என்றே சொல்வோம்.

தரவரிசைப் புள்ளி: ஒரு சின்னக் கணக்கு

2018 ஆகஸ்ட் முதல் ஃபிஃபா பயன்படுத்தும் முறை செஸ் ரேட்டிங் மாதிரிதான். புதிய புள்ளி = பழைய புள்ளி + முக்கியத்துவம் × (முடிவு − எதிர்பார்ப்பு). முடிவு என்பது வெற்றிக்கு 1, சமனுக்கு 0.5, தோல்விக்கு 0. முக்கியத்துவம், சர்வதேச நாள்களில் நடக்கும் நட்பு ஆட்டத்துக்கு 10, நேஷன்ஸ் லீக் குழு ஆட்டத்துக்கு 15, தகுதிச் சுற்றுக்கு 25. எதிர்பார்ப்பு, இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்தைப் பொறுத்தது. சமமான அணிகளுக்கு 0.5. எதிரி 600 புள்ளி மேலே என்றால் பதினொன்றில் ஒன்று, அதாவது 0.09. 1,200 புள்ளி மேலே என்றால் நூற்றொன்றில் ஒன்று, சுமார் 0.01.

இப்போது போட்டுப் பாருங்கள். தன்னைவிட 1,200 புள்ளி உயர்ந்த அணியிடம் தகுதிச் சுற்றில் தோற்றால் இழப்பு 25 × 0.01, கால் புள்ளி. தனக்குச் சமமான அணியிடம் நட்பு ஆட்டத்தில் தோற்றால் இழப்பு 10 × 0.5, ஐந்து புள்ளி. இருபது மடங்கு. கோல் வித்தியாசம் கணக்கிலேயே இல்லை. 0-10உம் 0-1உம் ஒன்றே. ஆடாமல் இருந்தால் ஒன்றும் குறையாது.

இதன் விளைவை யோசியுங்கள். புள்ளியைக் காப்பாற்ற நினைக்கும் சின்னச் சங்கம் சமமான அணியோடு நட்பு ஆட்டம் வைக்கத் தயங்கும். ஆனால் அணி வளர்வது அந்த ஆட்டங்களில்தான். 600 புள்ளி உயர்ந்த அணியைத் தகுதிச் சுற்றில் வென்றாலோ ஒரே ராத்திரியில் 22.7 புள்ளி ஏறும், சமன் செய்தால்கூட 10. எங்களைக் கேட்டால் புள்ளியைப் பார்க்காமல் ஆடுவதே புத்திசாலித்தனம்.

ஆளை வெளியூரில் தேடுவது

ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டின் குடியுரிமை முதலில் வேண்டும். ஒரே குடியுரிமையில் பல அணிகளுக்கு ஆடலாம் என்றாலோ, குடியுரிமை புதிதாக வாங்கியது என்றாலோ இன்னொரு பிடியும் வேண்டும்: அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது விதித்த வருடங்கள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், பெரியவர்களுக்கு அது ஐந்து வருடம்.

குராசோக்காரர்களுக்கு டச்சு பாஸ்போர்ட்தான். நெதர்லாந்தில் பிறந்து அங்குள்ள கிளப் அகாடமிகளில் தேறிய குராசோ வம்சத்துப் பிள்ளைகள்தான் அணியில் பெரும்பாலோர். ஐந்து வார்டு ஜனத்தொகையை ஒரு பெரிய கால்பந்து நாட்டின் பயிற்சியோடு ஒட்டுப்போட்ட மாதிரி. 2025 நவம்பர் 18 அன்று கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு 0-0 என்று சமன் செய்து, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஆகச் சிறிய நாடு ஆனார்கள். அதிர்ஷ்டமும் உண்டு: அந்தப் பிராந்தியத்தின் மூன்று பெரியவர்களான அமெரிக்கா, மெக்சிகோ, கனடா போட்டியை நடத்துபவர்கள் என்பதால் தகுதிச் சுற்றிலேயே இல்லை; உலகக் கோப்பையும் 32 அணியிலிருந்து 48 ஆகியிருந்தது. கேப் வெர்டே இன்னும் சுவாரசியம். டப்ளினில் பிறந்த ராபர்ட்டோ லோப்பஸ் என்ற ஸ்டாப்பரை அவர்கள் அழைத்தது லிங்க்ட்இன் வழியாக.

இந்த வித்தையில் அடிபட்டவர்கள் நாமும்தான். 2015 ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குவாம் தீவு இந்தியாவை 2-1 என்று வென்றது. குவாம்காரர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை; அமெரிக்காவில் ஆடிப் பழகியவர்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினர் இங்கே ஆட முடியாது. ஜப்பான் குடியுரிமையைத் துறந்து வந்த அராட்டா இசுமி போல வெகு சிலரே அதைச் செய்தார்கள்.

மாலத்தீவு இந்த வழியிலும் போகவில்லை. சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். 2008இலும் 2018இலும் தெற்காசியக் கோப்பை இறுதியில் இந்தியாவை வென்றார்கள். 2018இல் நடந்தது வேடிக்கை: குழு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல், இலங்கையோடு எல்லாக் கணக்கிலும் சமமாகி, நாணயம் சுண்டி அரையிறுதிக்குப் போனார்கள். அங்கே நேபாளத்தை 3-0, இறுதியில் இந்தியாவை 2-1.

சொந்த மைதானம்

திம்புவில் உள்ள பூடானின் மைதானம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல். கீழேயிருந்து போகிறவர்களுக்கு அரை மணியில் மூச்சு வாங்கும். ஃபாரோ தீவுகளில் காற்றும் செயற்கைப் புல்லும். ஆனால் 1990இல் அங்கே தகுதியான புல் மைதானமே இல்லை. அதனால் ஆஸ்திரியாவுடனான தங்கள் முதல் போட்டி ஆட்டத்தை ஸ்வீடனில் ஆடி 1-0 என்று வென்றார்கள். ஜிப்ரால்டரும் ஆரம்ப வருடங்களில் ‘சொந்த ஊர்’ ஆட்டங்களைப் போர்ச்சுகலில்தான் ஆடியது. மைதானம் கட்டிய பிறகு முடிவுகள் மாறின. 2025 அக்டோபரில் செக் குடியரசு தலைநகர் டோர்ஸ்ஹாவனுக்கு வந்து ஃபாரோ தீவுகளிடம் 1-2 என்று தோற்றுப் போனது.

பார்க்க விரும்பினால், ஐரோப்பிய ஆட்டங்களில் பல அங்கே இரவு 8.45க்குத் தொடங்குபவை; நமக்கு அது கோடையில் நள்ளிரவு 12.15, குளிர்காலத்தில் 1.15. பெரிய அணியோடு ஆடும் ஆட்டத்தைவிட டி படி ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அதில்தான் இரு பக்கமும் கோல் அடிக்கப் பார்ப்பார்கள். பந்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் பின்வரிசை ஐவரை மட்டும் பாருங்கள். அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு எந்தப் பக்கத்துச் சந்து முதலில் பெரிதாகிறது என்று கணியுங்கள். அடுத்த கோல் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.